சாகாத உடைமையாளர்கள்: காவிரிப் படுகையில் உயில்வழி அடிமை விடுதலை

உடைமையாளர் தம் உயிலில் எழுதிவைத்து அடிமைகளை விடுவிப்பது ரோமானியச் சட்டத்தின் வழிவந்த நாடுகளில் பழகிப்போன நடைமுறை. தஞ்சைப் பகுதியில் அடிமைமுறை பல நூற்றாண்டுகள் வேரூன்றியிருந்தும் அத்தகைய விடுதலை அங்கு வழக்காக நிலைபெறவில்லை. மிராசுதாரர்களின் மனக்கடுமையைக் காரணமாகச் சொல்லிவிடலாம், அது போதாது. அடிமை யாருடைய சொத்தாக இருந்தார், அந்தச் சொத்து எப்படிக் கைமாறியது என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

சோழர் காலத்தில் ஆட்களைக் கோயிலுக்கு விற்ற ஆவணம் ஆள்விலைப் பிரமாண இசைவுத்தீட்டு எனப்பட்டது. 1201ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஒரு வேளாளர் தம்மையும் தம் இரு பெண்களையும் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே உடைமையாளர் இறைவன். அவருக்கு மரணமும் இல்லை, வாரிசும் இல்லை. சாகாதவர் உயில் எழுதுவதில்லை.

பிற்கால மிராசு கிராமங்களில் உடைமையாளர் மனிதர்தாம்; ஆயினும் தனிமனிதர் அல்லர். நிலம் பங்குகளாகப் பிரிந்திருந்தது, அதில் உழைத்த பள்ளர், பறையர் குடும்பங்களும் பெரும்பாலும் அந்தப் பங்குகளோடு பிணைக்கப்பட்டிருந்தன. இங்கு செல்வாக்குப் பெற்ற மிதாட்சரம் என்ற இந்து சட்ட நூல் ஒரு கூர்மையான விதியைச் சொல்கிறது: அசையாச் சொத்தையும் இருகால் சொத்தையும், அதாவது அடிமைகளையும், ஒருவர் தாமே ஈட்டியிருந்தாலும் மகன்கள் அனைவரையும் கூட்டாமல் தானம் கொடுக்கவோ விற்கவோ கூடாது. வயலும் ஆளும் ஒரே வரியில் நிற்கும் இந்த விதியிலேயே சிக்கலின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. கூட்டுக் குடும்பத்தில் தந்தை இறந்தால் அவருக்கென்று தனியே எஞ்சும் முன்னோர் சொத்து எதுவும் இல்லை. மகன்கள் பிறப்பிலேயே பங்காளிகள். தம் பங்கையே உயிலில் எழுத இயலாதவர் அந்தப் பங்கைச் சேர்ந்த ஆளை எவ்வாறு விடுவிப்பார்? இந்து சட்டத்துக்கு மாறான இந்து உயில்களைச் சென்னை மாகாணத்தின் 1829ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் ஏற்கவில்லை. அடிமை விடுதலைக்கு நாரத ஸ்மிருதி தோளிலிருக்கும் குடத்தை உடைக்கும் சடங்கை வகுத்திருப்பது உண்மை. அது உயிரோடிருக்கும் எசமானர் மனமுவந்து செய்வது. மரணத்துக்குப் பின் நிகழும் சொத்துத் தீர்வு அன்று.

ஐரோப்பியக் கம்பெனிகளின் கடற்கரைக் குடியிருப்புகளில் நிலைமை வேறு. தரங்கம்பாடி 1620 முதல் டேனியரிடமும், நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரரிடமும் இருந்தன. அங்கு கம்பெனி ஊழியரின் வீட்டடிமை அந்த ஒருவரின் சொத்து. அவர் இறந்தால் சொத்துப் பட்டியல் எடுத்து, கடனைத் தீர்த்து, மிச்சத்தை வாரிசுகளுக்குப் பிரிக்க வேண்டும். அடிமை ஏலத்துக்குப் போவாரா, விடுதலை பெறுவாரா என்பது உயிலைப் பொறுத்தது. உயில் மூலமும் தனிப்பத்திரம் மூலமும் விடுவிப்பதற்கு ரோமன்-டச்சுச் சட்டம் இடமளித்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை டச்சு ஆட்சி 1707இல் தொகுத்த தேசவழமையில், விடுவிக்கும் எண்ணத்தை மூன்று ஞாயிறுகள் தேவாலயத்தில் அறிவித்து, தடை சொல்வார் உண்டா என்று கேட்கும் முறை காணப்படுகிறது. மதம் மாறினால் மட்டும் விடுதலை கிடைத்துவிடவில்லை: 1707 மே மாதத்தில் தரங்கம்பாடி மிஷன் முதன்முதலாகத் திருமுழுக்குக் கொடுத்த ஐவரும் டேனியரின் அடிமைகள்.

உயில்வழி விடுதலை என்ற இந்த வாயிலை மிகைப்படுத்தவும் கூடாது. 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படைகள் தஞ்சையைச் சூறையாடியபோது, பசியால் விற்கப்பட்டவர்களை டச்சுக்காரர் ஆயிரக்கணக்கில் வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினர். பத்தாவியாவின் மார்டைக்கர் சமூகம் விடுதலை பெற்ற அடிமைகளிலிருந்து உருவானது. சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. ஊரில் கிட்டாத விடுதலை சிலருக்குக் கடல்கடந்து கிட்டியது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை ஊரே.

படுகையின் உழவு அடிமைகளை எட்டியது 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். அடிமைத்தனத்தை ஒழித்த 1833ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கி வைத்திருந்தது. காலனி உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடும் தந்தது. 1843ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீடும் தரவில்லை, எவரையும் பெயர் சொல்லி விடுவிக்கவும் இல்லை. ஆள்மீது கோரும் உரிமையை நீதிமன்றங்கள் நிறைவேற்றா என்று அறிவித்தது. விடுவிக்கும் உயிலில் பெயர் இருக்கும். இங்கே கையில் ஒரு சீட்டும் இல்லை. ஆகவே அடிமை பண்ணையாளாக, கடன்பட்டவராக அதே வயலில் தொடர்வது எளிதாயிற்று. ஆயினும் அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு கவனிக்கத்தக்கது. ஒருவர் உழைப்பாலோ, வாரிசுரிமையாலோ, கொடையாலோ, உயிலாலோ பெற்ற சொத்தை, அவர் அடிமையாக இருந்தவர் என்ற காரணத்தால் பறிக்கக்கூடாது என்றது அது. பரம்பரைச் சொத்தாகக் கைமாறியவர் சொத்துக்கு வாரிசாகவும் ஆகலாம் என்பதை இந்தச் சட்டம் ஏற்றது.

அந்த உரிமை பயன்படுவதற்குச் சொத்து வேண்டுமே! குடிசை நின்ற மனைகூட மிராசுதாரருடையது. வெளியேறு என்றால் வெளியேற வேண்டும். பண்ணையாள்களுக்கு ஓரளவு பாதுகாப்பு 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தால் வந்தது. பிள்ளைகளுக்கு எழுதிவைக்கக்கூடிய மனையுரிமைக்கு, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.