சதுப்பு நிலத்து ஓரத்தில் ஒரு கோட்டை

டொமினிக்கா என்றதும் பலர் டொமினிக்கன் குடியரசை நினைத்துக்கொள்கின்றனர். வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்த காலத்தில் நானும் ஒருமுறை அத்தவறைச் செய்து, மறுநாள் ஆசிரியரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவன்தான். நான் குறிப்பிடுவது குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் இடையே உள்ள, 1978இல் சுதந்திரம் பெற்ற சிறிய மலைத்தீவை. அதன் வடமேற்குக் கரையில், போர்ட்ஸ்மவுத் நகருக்கு அருகே ஷேர்லி கோட்டை உள்ளது.

கோட்டை அமைந்த முனைக்குக் கப்ரிட்ஸ் என்று பெயர். அணைந்துபோன எரிமலையின் எச்சமான இரண்டு குன்றுகள். அவற்றைத் தீவுடன் இணைப்பது ஒரு சதுப்பு நிலம். ஆட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. நெடுங்கடற் பயணத்தில் புதிய இறைச்சி கிடைக்கவேண்டும் என்று ஐரோப்பிய மாலுமிகள் இங்கே ஆடுகளை விட்டுச்சென்றார்களாம்.

1770களில் பிரித்தானியர் கட்டத் தொடங்கினர். 1778இல் தீவைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர் அதை வளர்த்தனர். பின்னர் தீவு மீண்டும் பிரித்தானியரிடம் வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எழுந்தன. ஆயினும் படையினரைக் கொன்றது எதிரியின் பீரங்கியைவிட மஞ்சட் காய்ச்சலும் மலேரியாவுமே. சதுப்பு நிலத்து நச்சுக்காற்றே காரணம் என்று அக்காலத்து மருத்துவர்கள் நம்பினர். நுளம்பை எவரும் சந்தேகிக்கவில்லை.

வெள்ளைச் சிப்பாய்கள் மடிந்துகொண்டிருக்க, அரசு வேறொரு வழியைக் கண்டது. 1795 முதல் 1808 வரை சுமார் 13,400 ஆபிரிக்கர்களை அடிமைச் சந்தையில் விலைக்கு வாங்கி, சிவப்புச் சட்டை அணிவித்து, மேற்கிந்தியப் படையணிகளில் சேர்த்தது. துப்பாக்கி ஏந்திய அடிமைகள்! இவ்வாறு அமைந்த எட்டாவது படையணியே ஷேர்லி கோட்டையில் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் கேணலாகவும் தீவின் ஆளுநராகவும் இருந்தவர் ஒருவரே: அன்ட்ரூ கொக்ரேன் ஜோன்ஸ்டன்.

1802 மார்ச்சில் அமியான் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கையின் கரையோரப் பகுதிகளைப் பிரித்தானியருக்கு உறுதிப்படுத்திய அதே உடன்படிக்கைதான். சமாதானம் வந்தால் படையணிகள் கலைக்கப்படும் என்பது சிப்பாய்களுக்குத் தெரியும். விலைக்கு வாங்கப்பட்டவன் கலைக்கப்பட்டால் எங்கே போவான்? அவ்வேளையில் சதுப்பு நிலத்தைத் துப்புரவாக்குமாறு கட்டளை பிறந்தது. கையில் கொடுக்கப்பட்டவை, தோட்டத்து அடிமைகள் பயன்படுத்தும் வளைந்த கத்திகள். கரும்புத் தோட்டங்களுக்குத் தங்களை விற்கப்போகிறார்கள் என்ற வதந்திக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. ஆளுநர் ஊதியமின்றி வேலை வாங்கினார் என்ற குற்றச்சாட்டும் இருந்தது.

ஏப்ரல் 9ஆம் திகதி இரவு கிளர்ச்சி வெடித்தது. அதிகாரிகள் சிலர் கொல்லப்பட்டனர், ஏனையோர் சிறைப்பட்டனர். மூன்று நாட்கள் கோட்டை அடிமைச் சிப்பாய்களின் கையில் இருந்தது. 12ஆம் திகதி ஜோன்ஸ்டன் பெரும்படையுடன் உள்ளே நுழைந்தபோது அவர்கள் அணிவகுத்து நின்று ஆயுத மரியாதை செலுத்தினர். இந்தக் காட்சியே என்னை மிகவும் பாதித்தது. தமது முறைப்பாட்டை அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தார்கள் போலும். ஆயுதங்களைக் கீழே வைக்கும்படி ஆணை வந்தது. சிலர் பணிந்தனர், பலர் மறுத்தனர். வேட்டுகள் கிளம்பின. தப்பியோடியவர்களில் சிலர் மறுபுறக் குன்றின் செங்குத்துச் சரிவில் கடலை நோக்கி இறங்கினர். பிடிபட்டோர் பலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. படையணி கலைக்கப்பட்டது.

ஜோன்ஸ்டனை இராணுவ நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் 1814இல் இலண்டன் பங்குச்சந்தை மோசடி வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டு, நாட்டைவிட்டே ஓடினார். அதற்கு முன்னரே, 1807இல், படையிலிருந்த அடிமைச் சிப்பாய்கள் சுமார் பத்தாயிரம் பேரைச் சட்டம் விடுவித்திருந்தது. தோட்டங்களில் உழைத்தவர்கள் அதற்காக 1834 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

1854இல் கைவிடப்பட்ட கோட்டையைக் காடு எடுத்துக்கொண்டது. 1982இல் மீட்புப் பணி தொடங்கியது. 1986இல் கப்ரிட்ஸ் தேசியப் பூங்காவாயிற்று. பூங்காவின் பெரும்பகுதி கடலே. நான் சென்றிருந்தபோது, புதுப்பிக்கப்பட்ட அதிகாரிகள் விடுதியின் முன்னே உல்லாசப் பயணிகள் விரிகுடாவைப் படம்பிடித்துக்கொண்டிருந்தனர். காட்டுக்குள் நுழைந்தால் செம்பட்டை உரியும் மரங்கள், சருகுகளில் ஊரும் துறவி நண்டுகள், சுவரைப் பிளந்து இறங்கிய வேர்கள். இலைக்குவியலில் பாதி புதைந்து ஒரு பீரங்கி கிடந்தது.

இறங்கும் வழியில் அந்தச் சதுப்பு நிலத்தைப் பார்த்தேன். வெட்டித் துப்புரவாக்கச் சொன்ன அதே இடம் இப்போது பாதுகாக்கப்பட்ட பகுதி. கரையோரத்தில் கொக்கு ஒன்று நின்றது. நுளம்புகளும் இருந்தன.