கல் இடுக்கில் என்ன இருக்கிறது?

வீட்டு முற்றத்தில் கல் பாவுவது பெரிய வேலை. கொத்தனார், சித்தாள், மணல் லோடு என்று வீடே அமளிப்படும். ஆனால் பாவிய கல்லின் இடுக்கை அடைப்பது? அதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே செய்துகொள்ளலாம் என்று எல்லோரும் நினைக்கிற வேலை. ஒரு சட்டி சிமெண்ட், ஒரு வாளி தண்ணீர், கலக்கிப் 'பால்' ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினால் முடிந்தது. இந்த அரை நாள் வேலைக்கு 2000 வருஷ வரலாறு இருக்கிறது, அதில் கடைசி நூறு வருஷம் கொஞ்சம் சோகமான வரலாறு என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள் :-)

ரோமாபுரியிலிருந்து ஆரம்பிப்போம். கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் எழுதிய பத்துப் பாகப் புத்தகத்தில் ஏழாவது பாகம் தரை போடுவதில்தான் தொடங்குகிறது. வெயிலும் மழையும் படுகிற திறந்தவெளித் தரைக்கு அவர் தனியாகவே விதி சொல்கிறார். மேல் தளத்துக்கு அடியில் இரண்டடி ஓடுகளைப் பரப்ப வேண்டுமாம். ஓட்டின் விளிம்புகளில் ஒரு விரல் அளவு வாய்க்கால் இருக்க வேண்டும். அதில் எண்ணெய் விட்டுப் பிசைந்த சுண்ணாம்பை அடைத்து, ஓடுகளை ஒன்றோடு ஒன்று நெருக்கித் தேய்க்க வேண்டும். அது இறுகிவிட்டால் தண்ணீர் இறங்காது. பத்தடிக்கு இரண்டு விரல் சரிவு கொடு என்கிறார். ரோமானிய அடிக்குப் பதினாறு விரல், ஆக எண்பதுக்கு ஒன்று. இன்றைக்கு இங்கிலாந்தில் வீட்டுப் பின்கட்டில் கல் பாவுகிறவர்களும் கிட்டத்தட்ட இதே சரிவைத்தான் வைக்கிறார்கள்!

இன்னொன்றும் சொல்கிறார். குளிர்காலம் வருவதற்கு முன் வருஷா வருஷம் தரைக்கு எண்ணெய் மண்டி ஊற்ற வேண்டும், அப்போதுதான் உறைபனி உள்ளே போகாது. எனக்கு இந்த 'வருஷா வருஷம்'தான் முக்கியமாகப் படுகிறது. ஒரு தடவை அடைத்தால் ஆயுசுக்கும் போதும் என்று அந்த ஆள் நினைக்கவே இல்லை.

சுண்ணாம்பின் குணம் அப்படி. அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெதுவாக இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. அவசரமே கிடையாது. மாசக்கணக்கில் ஆகும். ஆனால் கல் கொஞ்சம் அசைந்தால் அதுவும் கூடவே அசைந்து கொடுக்கும். மயிரிழை விரிசல் விழுந்தால், மழைத்தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு அந்த விரிசலிலேயே படிந்து ஓரளவு தானாக மூடிக்கொள்ளும். ரோமானியக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் சுண்ணாம்புக் கட்டிகள் இப்படித்தான் விரிசலை ஆற்றுகின்றன என்று 2023ல் ஒரு அமெரிக்க ஆய்வுக்குழு விளக்கியது.

நம்ம ஊர்க் கதையும் இதுதான். கிளிஞ்சல் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, அதில் கடுக்காய்த் தண்ணி, வெல்லம். வட்டமான பள்ளத்தில் மாடு கட்டிக் கல் உருளையை உருட்டி நாள்கணக்கில் அரைத்தார்கள். பளிங்கு மாதிரி பளபளத்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்து வெள்ளைக்காரர்களே அசந்துபோனார்கள்.

பிறகு என்ன ஆச்சு? அதற்கு ஒரு கலங்கரை விளக்கத்துக்குப் போக வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கே கடலுக்கு நடுவில் எடிஸ்டோன் பாறை. அங்கே முன்பு கட்டிய விளக்கங்களில் ஒன்றைப் புயல் கொண்டுபோனது, ஒன்று தீயில் எரிந்தது. 1756ல் ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளரிடம் வேலை வந்தது. அலை அடிக்கும் இடத்தில் சாதாரணச் சுண்ணாம்பு காய்வதற்குள் கழுவிக்கொண்டு போய்விடும். ஸ்மீட்டன் ஊர் ஊராகச் சுண்ணாம்புக் கல் வரவழைத்துச் சோதித்தார். எந்தக் கல்லில் களிமண் கலந்திருக்கிறதோ அதைச் சுட்ட சுண்ணாம்புதான் தண்ணீருக்குள்ளேயும் இறுகுகிறது என்று கண்டுபிடித்தார். அதோடு இத்தாலியிலிருந்து வந்த எரிமலை மண்ணைக் கலந்தார். கற்களை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி செதுக்கி, 1759ல் கோபுரத்தை முடித்தார். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் நின்றது. கடைசியில் 1882ல் புதுக் கோபுரத்துக்கு ஏன் மாறினார்கள் தெரியுமா? இடுக்குச் சாந்து போகவில்லை, அடியில் இருந்த பாறையைத்தான் கடல் அரித்துவிட்டது! கழற்றிய மேல்பாகத்தைப் பிளிமத் நகரில் மறுபடி அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஸ்மீட்டன் திறந்த வழியில் பலர் போனார்கள். 1824ல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லேண்ட் சிமெண்ட்' என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். இறுகியதும் போர்ட்லேண்ட் தீவின் கல்லைப் போல இருக்கும் என்பதால் அந்தப் பெயர். இந்தியாவில் 1904ல் சென்னையில் கிளிஞ்சலை வைத்து முயன்றார்கள், அது நிலைக்கவில்லை. 1914ல் போர்பந்தரில் உற்பத்தி சூடுபிடித்தது. மதுக்கரையில் 1934, தாழையூத்தில் 1949. மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் வந்த பிறகு நாள்கணக்கில் சுண்ணாம்பு அரைக்க யாருக்குப் பொறுமை? காலையில் பூசினால் மறுநாள் நடக்கலாம்.

இங்கேதான் சோகம். ஒரு பொருள் வலுவாக இருந்தால் எல்லா இடத்துக்கும் அதுவே நல்லது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிரிட்டனில் பழைய தேவாலயங்களின் இடுக்குகளிலிருந்து சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டை அடைத்தார்கள். முன்பெல்லாம் சுவருக்குள் போன ஈரம் மெத்தென்ற இடுக்கு வழியாக வெளியே வந்துவிடும். இப்போது அந்த வழி அடைபட, ஈரம் கல் வழியாக வர ஆரம்பித்தது. உள்ளே உறையும் தண்ணீர் ஒன்பது சதவீதம் பருமன் கூடுமே, கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. சாந்து மட்டும் வரப்பு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. 1970களில் வெல்ஸ் தேவாலயத்தின் மேற்கு முகப்பில் ராபர்ட் பேக்கர் என்பவர் சுண்ணாம்பை வைத்தே சிகிச்சை செய்து காட்டிய பிறகுதான் பழைய கொத்து வேலைக்கு மறுபடி மரியாதை வந்தது. பழைய கொத்தனார்கள் இடுக்கை வேண்டுமென்றேதான் பலவீனமாக விட்டிருந்தார்கள். கெடுவது இடுக்காக இருந்தால் சுரண்டி மறுபடி அடைத்துக்கொள்ளலாம், கல் கெட்டால் கல்லையே மாற்ற வேண்டும்.

"நமக்கு ஏதுப்பா உறைபனி?" என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் வெயில் இருக்கிறதே. 30 டிகிரி வித்தியாசத்தில் பத்தடி நீளக் கருங்கல் தளம் முக்கால் மில்லிமீட்டர் நீளும். எல்லா இடுக்கும் கெட்டிச் சிமெண்ட் என்றால் எங்கே போகும்? விளிம்பு உடையும், இல்லையென்றால் கல் அடியிலிருந்து கிளம்பி, நடக்கும்போது 'டொக் டொக்' என்று சத்தம் போடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கடப்பா கல் முற்றம் முழுக்கச் சிமெண்ட் பால் ஊற்றினார்கள். இரண்டே கோடையில் ஓரமெல்லாம் சில்லு சில்லாகிவிட்டது. கடப்பா கல் கருப்பாக இருப்பதால் கருங்கல் என்று நினைக்காதீர்கள், அதுவே ஒரு சுண்ணாம்புக் கல்தான். சிமெண்ட் பாலில் மணலே இல்லாததால் காயும்போது அது சுருங்கி மயிரிழையாகப் பிரியும் என்பது வேறு. அந்த இழை வழியாகத் தண்ணீர் சுலபமாக இறங்கும், ஆனால் ஏறி வெளியே வராது.

சரி, நாமே செய்வதென்றால்? காரோ டிராக்டரோ ஏறாத முற்றத்துக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு நீற்றின சுண்ணாம்பு, ஆறு பங்கு சலித்த மணல் தாராளமாகப் போதும். முதலில் இடுக்கில் இருக்கும் பழைய சாந்தை ஒரு அங்குல ஆழத்துக்காவது சுரண்டி எடுத்துவிடுங்கள். இதுதான் முதுகை ஒடிக்கும் பாகம், பலர் இதைத்தான் தவிர்க்கிறார்கள். மேலே கால் அங்குலம் பூசினால் ஒரே மழையில் அப்பளமாக வந்துவிடும். இடுக்கை நனைத்துவிட்டு, உருட்டினால் உருண்டை பிடிக்கும் பதத்தில் கலவையை வைத்துக் கரண்டி நுனியால் அழுத்த வேண்டும். சுண்ணாம்பு கையை அரிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள். கல் மேல் பட்டதை அப்போதே ஈரத் துணியால் துடையுங்கள். ஈரச் சாக்கு போட்டு நாலைந்து நாள் வெயில் படாமல் வைத்திருங்கள். சுவரை ஒட்டிய ஓரத்து இடுக்கில் மட்டும் சாந்து வேண்டாம், வெறும் மணலை நிரப்புங்கள். கல் நீளுவதற்கு அங்கே இடம் கிடைக்கும், முற்றத்துத் தண்ணீரும் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும். சுவர் ஓதம் காக்கிற வீடாக இருந்தால் தரைச் சரிவு சுவரை விட்டு வெளிப்பக்கம் போகிறதா என்று முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.