ஓம வாசனையும் ஆப்பிள் மரத்து நெருப்பும்

ஓமத்தைக் கசக்கினா மூக்கைத் துளைக்குமே ஒரு வாசனை, அதுக்குக் காரணம் தைமால் என்கிற பொருள். தைம் என்ற ஐரோப்பியச் செடியின் எண்ணெயிலிருந்து 1719-ல் இதைப் பிரித்தவர் ஜெர்மானியரான காஸ்பர் நாய்மன். ஆனா முதல் உலகப்போர் வரை தைமால் தயாரிப்புக்கு முக்கிய மூலப்பொருள் நம்ம ஊர் ஓமம்தான். அது கப்பலேறி ஜெர்மனி போய், அங்கே காய்ச்சி வடிக்கப்பட்டது. கொக்கிப்புழு மருந்தாவும் கிருமிநாசினியாவும் தைமாலுக்கு அப்போ நல்ல கிராக்கி.

இன்னைக்கு இதே தைமால் ஆப்பிள், பேரிக்காய்த் தோட்டங்கள்ல பேசப்படுது. ஏன்னு புரிய ஒரு நோயின் கதையைப் பார்க்கணும்.

அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றுப் பகுதியில் 1780 வாக்கில் ஆப்பிள், பேரி மரங்களின் கிளைகள் தீயில் கருகினது போல ஆயின. அதனாலேயே 'ஃபயர் பிளைட்', அதாவது தீக்கருகல், என்று பெயர். காற்றா, மின்னலா, பூச்சியா என்று நூறு வருஷம் வாதம் நடந்தது. 1870-களின் கடைசியில் இல்லினாய்ஸைச் சேர்ந்த தாமஸ் பரில், காரணம் ஒரு பாக்டீரியா என்றார். செடிக்கும் பாக்டீரியாவால் நோய் வரும் என்பது முதலில் தெரிஞ்சது இந்த நோயிலதான்.

காரணம் தெரிஞ்சும் மருந்து இல்லை. கருகின கிளையை வெட்டினாங்க, தாமிரக் கலவை அடிச்சாங்க. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோய்க்கு உயிர் காத்த அந்த மருந்தை 1950-களில் பூத்த மரங்கள் மேலயும் தெளிக்க ஆரம்பிச்சாங்க. பலன் பிரமாதம்! ஆனா 1971-லேயே கலிபோர்னியா பேரித் தோட்டங்களில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா வந்துடுச்சு. ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியாவுக்குள்ள தாக்குறது ஒரே இடத்தை. மரபணுவில் ஒரு எழுத்து மாறினாலே அது தப்பிச்சுடும்.

மனுஷனைக் காப்பாத்துற மருந்தை மரத்துக்கு அடிக்கலாமா என்ற கேள்வியும் கூடவே வளர்ந்தது. 2014-க்குப் பிறகு அமெரிக்க இயற்கை விவசாயத்தில் ஆப்பிள், பேரிக்கு ஆன்டிபயாடிக் அனுமதி இல்லை. இந்தியாவும் விவசாயத்தில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தடை செய்ய 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது.

இங்கேதான் தைம், இலவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய்கள் திரும்ப வருது. தைமால் பாக்டீரியாவின் வெளிச்சவ்வையே குலைச்சு, உள்ளே இருப்பதை ஒழுக விடுது. சவ்வு மொத்தமும் அடி வாங்குவதால் ஒரே மரபணு மாற்றத்தில் தப்பிப்பது கஷ்டம்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா? அவ்வளவு சுலபம் இல்லீங்க. ஆய்வகத் தட்டில் ஜெயிக்கிற எண்ணெய், தோட்டத்து வெயிலில் சீக்கிரம் ஆவியாயிடும். தண்ணியில் கரையாது, அதனால கலக்குறதுக்குத் தனிப் பொருள் வேணும். அளவு கூடினா பூவும் இலையும் கருகும். கிருமியின் சவ்வைக் கிழிக்கிறது செடியோட செல்லை மட்டும் விட்டு வைக்குமா? 'இயற்கை' என்பதால் சாது என்று நினைக்கக் கூடாது.

இந்த நோய்க்கிருமி பூவின் சூலகமுடியில் பெருகி, மழையிலும் பனியிலும் தேன்சுரப்பி வழியா உள்ளே இறங்குது. ஆக, பூக்கிற அந்தச் சில நாட்கள்தான் முக்கியம். அப்போ எண்ணெயோ, கிருமிக்கு இடம் விடாம பூவில் வளர்கிற ஈஸ்ட்டோ தெளிக்கலாம். கவாத்தும், அளவான தாமிரமும் கூடவே வேணும்.

ஒரே மருந்தை நம்பி இருந்த நிம்மதி இருபது வருஷம்தான் நீடிச்சது. எண்ணெயை அடுத்த 'ஒரே மருந்து' ஆக்கினா, அதே கதையைத்தான் மறுபடி எழுதுவோம்.