வாரண்டி ராது சார்!

ஞாயிறு ராத்திரி ஒன்பதரை மணிக்கு நான் இங்கே நியூ ஜெர்சியில் பாத்திரம் தேய்த்துக் கவிழ்க்கும் நேரம், சூளூர்பேட்டையில் திங்கள் காலை ஏழு மணி. அப்பா காபியை முடித்துவிட்டு ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இருபது வருஷமாக இதுதான் எங்கள் முகூர்த்தம். 2022 ஏப்ரலில் ஒரு நாள் குரலே சரியில்லை. "ஏசி போச்சுடா. கம்ப்ரெஸர் ஜாம். நாப்பத்தோராயிரம் எஸ்டிமேட் போட்டிருக்கான்" என்றார்.

வண்டி வாங்கி ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. வாரண்டி இருக்கேப்பா என்றேன்.

"கேட்டேன். ஃபாக் லேம்ப் வெளில போட்டிருக்கீங்க, ஒயரிங்ல கை வெச்சாச்சு, வாரண்டி ராது சார்னுட்டான்."

ஃபாக் லேம்ப் விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு. அம்மாவை மாசம் ஒருமுறை சென்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக விடியற்காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். மார்கழியில் பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து பனி வந்து ரோட்டை மூடிவிடும். நல்ல விளக்கா ரெண்டு போட்டுக்கோங்க என்று பணம் அனுப்பினது சாட்சாத் அடியேன்தான். அப்பாவும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய், பில்லோடு வாங்கி மாட்டிக்கொண்டு, அப்படியே செங்காளம்மன் கோவிலில் நிறுத்தி இன்னொரு தடவை பூஜையும் போட்டார். இப்போது அந்த விளக்கினால்தான் வெயில் காலத்தில் அம்மாவுக்கு ஏசி இல்லை என்றால் எப்படி இருக்கும்?

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த வாரண்டி என்கிற சமாச்சாரம் எங்கேயிருந்து வந்தது, யார் எழுதினது, வெளியே ஒரு ஒயரைத் தொட்டால் 'போச்சு' என்று யார் சொன்னது என்று தேட உட்கார்ந்தேன். அப்புறம் பல ராத்திரிகள் அதிலேயே போயின. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. (நான் வக்கீல் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. சாதாரண சாஃப்ட்வேர் ஆசாமி. அதை மனதில் வைத்துப் படிக்கவும்.)

முதலில் கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள். என் சின்ன வயதில் எங்கள் ஊரில் கார் என்றால் அம்பாசடர், அதை விட்டால் பத்மினி. அதில் வாரண்டியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. வண்டி வாங்கினவன் நேராக ஹைவே ஓரத்து மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போவான். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் இறக்குவதெல்லாம் சர்வ சாதாரணம். ஆம்னி வேனில் வீட்டு கேஸ் சிலிண்டரை வைத்து ஓட்டின மகானுபாவர்களும் இருந்தார்கள். (அதில் எல்.கே.ஜி. குழந்தைகளை வேறு ஏற்றிக்கொண்டு போவார்கள். நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது.) 1990களில் அம்பாசடருக்கே இசுஸு எஞ்சின் வந்தது. அதே இசுஸு 2016-ல் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தெற்கே ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலையே போட்டுவிட்டது.

1983 டிசம்பரில் மாருதி வந்தபிறகுதான், புது வண்டியை மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோகாமல் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோவது என்கிற பழக்கம் நம்மூரில் பரவியது. ஆனால் அந்த மாருதி 800-ஐ மொட்டையாகத்தான் கொடுத்தார்கள். பாட்டு, சென்ட்ரல் லாக்கிங், ஃபாக் லேம்ப் எதுவும் கிடையாது. கம்பெனி விட்டு வைத்த அந்த இடத்தில்தான் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரிக் கடைவீதிகள் செழித்தன. இந்த மொட்டை வண்டி வழக்கம் இன்றைக்கும் போகவில்லை. குறைந்த விலை மாடலில் ஒன்றுமே இருக்காது. வேண்டுமென்றால் ஒரு லட்சம் கூடக் கொடுத்து மேல் மாடல் வாங்கு என்பார்கள். நம் மிடில் கிளாஸ் மூளை உடனே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எட்டாயிரத்துக்குக் கிடைக்குமே என்று கணக்குப் போடும்.

நிற்க. வாரண்டிக்கு வருவோம். தேடினால் அதன் முக்கியமான அத்தியாயம் என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது!

1955 மே மாதம் கிளாஸ் ஹென்னிங்சன் என்பவர் நியூ ஜெர்சியில் புளூம்ஃபீல்ட் மோட்டார்ஸ் என்ற டீலரிடம் ஒரு புது பிளிமத் கார் வாங்கினார். அன்னையர் தினப் பரிசாக மனைவி ஹெலனுக்கு. வண்டி கைக்கு வந்து பத்தே நாள். ஆஸ்பரி பார்க்கிலிருந்து ஹெலன் திரும்பி வரும்போது வண்டிக்கு அடியில் ஏதோ உடைகிற மாதிரி சத்தம், ஸ்டியரிங் கையை மீறிச் சுற்றியது, கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. மீட்டரில் 468 மைல்தான். முன்பக்கம் நசுங்கிப் போனதால் எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை.

ஹென்னிங்சன் கேட்டதற்குக் கம்பெனி வாரண்டியைக் காட்டியது. ஆர்டர் ஃபாரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது அது. 90 நாள் அல்லது 4,000 மைல். பழுதான பாகத்தை உங்கள் செலவில் ஃபேக்டரிக்கு அனுப்புங்கள். நாங்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் மாற்றித் தருவோம். இதைத் தவிர வேறு எந்தப் பொறுப்பும் எங்களுக்கில்லை. அவ்வளவுதான். அந்த 'வாரண்டி' வாங்குகிறவனைக் காப்பாற்ற எழுதியதே இல்லை, விற்கிறவனைக் காப்பாற்ற எழுதியது! அமெரிக்காவின் பெரிய கார் கம்பெனிகள் எல்லாம் தங்கள் சங்கம் தயாரித்த ஒரே வாசகத்தைத்தான் வைத்திருந்தன. பிடிக்கவில்லை என்று அடுத்த கடைக்குப் போனாலும் அதே காகிதம்தான்.

1960 மே 9-ம் தேதி நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. பேரம் பேசவே வழியில்லாத ஒருவர் தலையில் கட்டிய நிபந்தனை அது, வண்டி ஓட்டத் தகுதியானது என்ற அடிப்படைப் பொறுப்பைப் பொடி எழுத்தால் கழற்றிவிட முடியாது என்று தீர்ப்பு. பணம் கொடுத்தது கணவர், அடிபட்டது மனைவி, அதனால் அவருக்கு வழக்குப் போட உரிமையில்லை என்ற வாதமும் எடுபடவில்லை. இங்கே சட்டம் படிக்கும் பிள்ளைகள் முதல் வருஷமே இதைப் படிக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமியின் மகளிடம் கேட்டேன், வரி வரியாக ஒப்பித்தாள்.

அதற்குப் பிறகு கம்பெனிகளுக்குள்ளேயே போட்டி. வாரண்டியை விளம்பரமாக்கினார்கள். 1963 மாடல்களுக்கு கிரைஸ்லர், எஞ்சின் கியர்பாக்ஸுக்கு ஐந்து வருஷம், 50,000 மைல் என்றது. வாக்குறுதி நீளமாக நீளமாக நிபந்தனையும் நீண்டது. எங்கள் ஆயில்தான், எங்கள் ஃபில்டர்தான், எங்கள் டீலர்தான். கொடுக்கிற கையை விட தட்டிக்கழிக்கிற கை நீளம் என்ற புகார் வாஷிங்டன் வரை போய், 1975 ஜனவரியில் மேக்னுசன்-மாஸ் வாரண்டி சட்டம் வந்தது. செனட்டர் வாரன் மேக்னுசன், காங்கிரஸ் உறுப்பினர் ஜான் மாஸ் ஆகியோர் பெயரில். அதன் சாரம் இது: நாங்கள் சொல்லும் பிராண்ட் பாகத்தைப் போட்டால்தான் வாரண்டி என்று நிபந்தனை போடக்கூடாது. அப்படிப் போட வேண்டுமானால் அந்தப் பாகத்தை இலவசமாகக் கொடு, இல்லை, அரசு கமிஷனிடம் தனி அனுமதி வாங்கு. வெளியில் மாட்டிய பொருளால்தான் பழுது வந்தது என்றால் அதைக் கம்பெனிதான் காட்ட வேண்டும்.

சட்டம் வந்துவிட்டது என்பதற்காக எல்லோரும் திருந்திவிடவில்லை. 2018-ல் 'ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போச்சு' ரகக் கம்பெனிகள் சிலவற்றுக்கு அந்தக் கமிஷன் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2022-ல் ஹார்லி-டேவிட்சன் மேலேயே நடவடிக்கை எடுத்தது. வெளிப் பாகம் போட்டால் வாரண்டி இல்லை என்று எழுதி வைத்திருந்தார்களாம். சட்டம் வந்து 47 வருஷம் கழித்து!

சரி, அப்பா இருப்பது இந்தியாவில். அங்கே என்ன?

2011 ஜனவரியில் ஷம்ஷேர் கடாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் மூன்றும் உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச்சந்தையில் விடுவதில்லை என்று. விசாரணை ஆரம்பித்ததும் எல்லோர் கதையும் இதுதான் என்று தெரிந்து, கிட்டத்தட்ட எல்லாக் கார் கம்பெனிகளும் உள்ளே வந்தன. 2014 ஆகஸ்ட் 25-ம் தேதி உத்தரவு. 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம். காரை வாங்குவதற்கு முன்னால் உனக்குப் பத்துக் கம்பெனி, வாங்கினபிறகு உதிரி பாகத்துக்கு ஒரே கம்பெனி. ஊருக்கே ஒரு கிணறு என்றால் தண்ணி இறைப்பவன் வைத்ததுதானே விலை? ஆணையம் பிடித்தது அந்த இடத்தை.

நமக்கு வேண்டியது அந்த உத்தரவில் இருக்கும் இன்னொரு விஷயம். வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று மொத்தமாக நிபந்தனை வைக்கக்கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதமோ அந்த அளவுக்கு மட்டும்தான் வாரண்டியை மறுக்கலாம். மேல்முறையீடு செய்த மூன்று கம்பெனிகளின் அபராதத்தை 2016-ல் தீர்ப்பாயம் குறைத்தது, ஆனால் அவர்கள் செய்தது தவறு என்ற முடிவை மாற்றவில்லை. மற்றவர்கள் டெல்லி, சென்னை உயர் நீதிமன்றங்களில் தனித்தனியாகப் போராடினார்கள். அந்தச் சட்டக் குழப்பத்துக்குள் போனால் இந்தப் பதிவு முடியாது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த உத்தரவு முக்கியமாகப் பேசுவது பழுது பார்ப்பதையும் உதிரி பாகங்களையும். வண்டியில் இல்லாததைப் புதிதாகச் சேர்ப்பதை அல்ல. சேர்ப்பதற்கு வேறு சட்டங்களும் குறுக்கே வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம்மூரில் ஜம்பமாக மாட்டிக்கொள்ளும் புல் பாரை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்றது. மோதும்போது வண்டியின் முன்பக்கம் நசுங்குகிற விதத்தைப் பார்த்துத்தான் ஏர்பேக் விரியும். நடுவில் இரும்புக் குழாயை வைத்தால் அந்தக் கணக்கே தப்பிவிடும். அதே மாதிரி, பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்குக் கண்ட கவரையும் தைத்து மாட்டினால் அது கிழித்துக்கொண்டு வெளியே வர முடியாது. இங்கெல்லாம் வாரண்டி கேட்பது இரண்டாம் பட்சம், உயிர் முதலில்.

டீலர் சொல்வது சரியாக இருக்கும் கேஸும் உண்டு. என் சித்தப்பா ஒருத்தர், லாரிக்காரன் கண்ணைக் கூசவைக்கிறான் என்று பதிலுக்கு 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் போட்டார். ரிலே கிடையாது, பழைய ஒயர், பழைய சுவிட்ச். இரண்டே மாசத்தில் சுவிட்ச் உருகி ஸ்டியரிங் அடியில் புகை. வாரண்டி மறுத்தார்கள். மறுத்தது நியாயம். அவர் மாட்டிய பல்புக்கும் உருகிய சுவிட்சுக்கும் நேர்க்கோடு போடலாம். இப்போதைய வண்டிகளில் இன்னும் கஷ்டம். எந்த ஒயரில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினால் அது குழம்பும்.

ஆனால் அப்பாவின் வண்டியில் அந்த நேர்க்கோட்டை எங்கே போடுவது? ஃபாக் லேம்ப் இரண்டும் சேர்ந்து 110 வாட், சுமார் 9 ஆம்பியர். தனி ரிலே, தனி ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேராக லைன். ஜாம் ஆன கம்ப்ரெஸரையோ எஞ்சின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. அதில் கரண்ட் வேலை செய்வது கிளட்சில் மட்டும், அந்த கிளட்ச் நன்றாக இருந்தது. நாயுடுபேட்டையிலிருந்து வந்து பார்த்த ஏசி மெக்கானிக்கும் உள்ளே பிஸ்டன் பிடித்துக்கொண்டது, விளக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பாவிடம் சொன்னேன். "சண்டை போடாதீங்கப்பா. ஒண்ணே ஒண்ணு கேளுங்க. விளக்கு எப்படி கம்ப்ரெஸரைக் கெடுத்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க." அப்பா ரயில்வேயில் 34 வருஷம் குப்பை கொட்டியவர். எழுத்து என்றால் அவருக்குத் தனி உற்சாகம். ஒரு பக்கத்தில் கடிதம், கூடவே 2014 உத்தரவில் அந்தப் பக்கத்தின் நகல், ரிலே வாங்கின பில். டீலருக்கு ஒன்று, கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் ஒன்று.

வாயால் சொன்னதை எழுத யாரும் தயாராக இல்லை. இன்றைக்கு மேனேஜர் லீவு, நாளைக்கு சிஸ்டம் டவுன். அந்த மாசம்தான் ஊரே நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியிருந்தது. ரிஜிஸ்டர் தபால் எந்த மாவட்டம் சுற்றிப் போகிறதோ என்று அப்பாவுக்கு வேறு கவலை. மூன்று வாரம் அம்மா ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்து சென்னை போய் வந்தார்.

நாலாவது வாரம் ஃபோன். கம்ப்ரெஸர் இலவசம், லேபரும் கேஸும் மட்டும் நீங்க கட்டிடுங்க, 6,400. ஆனால் பில்லில் 'வாரண்டி' என்று போட மாட்டார்களாம். 'குட்வில்' என்று போட்டிருந்தார்கள். அதாவது உரிமை இல்லை, தயவு! எனக்கு அந்த வார்த்தைதான் உறுத்தியது. தேசிய நுகர்வோர் ஆணையம் வரை போகலாம் என்று இங்கிருந்தபடி வீர வசனம் பேசினேன். "மே மாசம்டா, உங்கம்மாவுக்கு ஏசி வேணும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் ஆரம்பித்தது. கார்களும் அதில் அடக்கம். அப்பாவிடம் சொன்னேன், ஃபைலில் குறித்து வைத்துக்கொண்டார்.

போன தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன். ஃபாக் லேம்ப் இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. டேஷ்போர்டில் பிளாஸ்டிக் கவருக்குள் பில்கள், கடித நகல், அந்த உத்தரவின் பக்கம், மேலே செங்காளம்மன் குங்குமப் பொட்டலம். ரிவர்ஸ் கேமரா போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

"நானே போய் விசாரிச்சேன். கப்ளர்ல சொருகறதா, ஒயரை வெட்டறதான்னு கேட்டேன். வெட்டணும்னான். வேண்டாம்னு வந்துட்டேன். உங்கம்மாவே எறங்கி நின்னு பின்னாடி வா, பின்னாடி வான்னு சொல்றா, அது போதும்" என்றார்.