நீலத்திரையும் கெர்னல் பேனிக்கும்

திருவனந்தபுரத்தில் இரு கணினி மரபுகள் சில கிலோமீட்டர் இடைவெளியில் வாழ்கின்றன. 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கின் அலுவலக மேசைகளில் விண்டோஸ் பரவலாக இருக்கிறது. பூஜப்புரையிலிருந்து இயங்கும் கைட் நிறுவனமோ கேரள அரசுப் பள்ளிகளுக்குக் குனு/லினக்ஸை வடிவமைத்துத் தருகிறது. தொடங்கும்போதே கணினி முடங்கினால், அங்கே நீலத்திரை. இங்கே கெர்னல் பேனிக்.

நீலத்திரை சுருக்கமாகப் பேசும்: ஒரு நிறுத்தக் குறியீடு, சில சமயம் ஒரு கோப்பின் பெயர். கெர்னல் பேனிக் விரிவாகப் பேசும்: எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்பதுவரை வரிவரியாகக் கொட்டும். ஆனால் இரண்டும் நிற்பதற்குக் காரணம் ஒன்றே. இயங்குதளத்தின் மையமான கெர்னல் தன் நினைவகத்தையே நம்ப முடியாத நிலை வந்தால், வட்டிலுள்ள கோப்புகளைக் கெடுத்துவிடாமல் தானே நின்றுகொள்கிறது. பேனிக் திரையில் வரும் 'நாட் சிங்க்கிங்' (not syncing) என்ற சொற்கள், நினைவகத்தில் தேங்கியிருப்பதை வட்டில் எழுதமாட்டேன் என்ற அறிவிப்பே.

மீளும் வழிகள் வேறு. விண்டோஸின் சேஃப் மோட் அத்தியாவசியமற்ற டிரைவர்களை விட்டுவிட்டுத் தொடங்குகிறது. சுமையைக் குறைப்பது அதன் முறை. லினக்ஸின் தொடக்கப் பட்டியலான கிரப் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுக்க விடுகிறது; நேற்று ஓடியதற்குத் திரும்புவது அதன் முறை.

2024 ஜூலை 19 இரண்டையும் சோதித்த ஆண்டின் மறக்க முடியாத நாள். பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கோப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் சிக்கின. 20 உள்ளீடுகள் வந்த இடத்தில் நிரல் 21ஆவதைத் தேடியதே காரணம். பிழையான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் முடங்கிய கணினிகள் பலவற்றில் ஒருவர் நேரில் உட்கார்ந்து, சேஃப் மோடில் அதை அழிக்க வேண்டியிருந்தது. லினக்ஸும் தப்பவில்லை: சில வாரங்களுக்கு முன்புதான் அதே நிறுவனத்தின் மென்பொருள் ஓடிய ரெட்ஹேட் 9.4 கணினிகளில் கெர்னல் பேனிக் பதிவாகியிருந்தது.

வியப்பான உறவு ஒன்றும் உண்டு. விண்டோஸ் 2016இல் நீலத்திரையில் க்யூஆர் குறியைச் சேர்த்தது. 2025இல் விண்டோஸ் 11 திரையைக் கறுப்பாக்கி அக்குறியை நீக்கியது. லினக்ஸோ 2024இல் 6.10 பதிப்பில் பேனிக்குக்கென வரைகலைத் திரையைப் பெற்று, 6.12இல் க்யூஆர் குறியையும் சேர்த்துக்கொண்டது. ஒன்று கழற்றிய அணியை மற்றொன்று பூண்டது.

எப்போதாவது வரும் முடக்கத்தில் இரண்டும் முற்றிலும் ஒன்றாகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரே பிழை வந்தால் டிரைவரையோ புதுப்பிப்பையோ சந்தேகிக்கலாம். பிழை மாறிமாறி வந்தால் ரேமையும் மின்வழங்கியையும் முதலில் பார்க்க வேண்டும். கடலோர ஈரக்காற்றும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையின் இடிமின்னலும் உள்ள நகரில் இது இன்னும் பொருந்தும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ எந்த இயங்குதளமும் ஏறுவதற்கு முன்பே ஓடுவதால், அதன் தீர்ப்பு இரண்டுக்கும் பொது.

ஆகவே இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவுமுன், அடுத்தடுத்த மூன்று முடக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் வெவ்வேறாக இருந்தால், ரேமைச் சோதித்த பிறகே மற்றதைத் தொடுங்கள்.