காற்றில் வேர்விடும் செடி

மாசி மாதத்தில் ஒரு நாள் ஊத்துக்கோட்டைக்கு நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மண்தொட்டி. அதில் டெண்ட்ரோபியம் என்னும் ஆர்க்கிட் வகைச் செடி, மஞ்சளித்துத் தலை சாய்ந்து நின்றது.

"செம்மண்ணும் எருவும் கலந்து வைத்தேன், சார். காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன். குழந்தை மாதிரி பார்த்துக் கொண்டும் இப்படிப் போகிறதே!" என்றார் நண்பர்.

"அவர் குடிக்கிற காப்பியைவிட அது குடிக்கிற தண்ணீர்தான் அதிகம், அண்ணா!" என்றாள் அவர் மனைவி உள்ளேயிருந்து.

அந்த அன்புதான் செடியைக் கொன்றுகொண்டிருந்தது. ஆனால் நண்பர் வெட்கப்பட வேண்டியதில்லை. உலகப் புகழ் பெற்ற தாவர அறிஞர்களே இதில் தவறியிருக்கிறார்கள்.

நமது நாட்டு மரங்களில் தொற்றி வளரும் ஆர்க்கிட் ஒன்று உண்டு. சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி வில்லியம் ராக்ஸ்பர்க் எழுதிய பெரிய நூலின் முதல் தொகுதியில், 1795இல், அதன் படம் வெளிவந்தது. பின்னர் 1820இல் ராபர்ட் பிரவுன் அந்த இனத்துக்கு 'வாண்டா' என்று பெயர் நிலைநாட்டினார். அது வடமொழிச் சொல். பிற மரத்தின்மேல் ஒட்டி வாழும் செடியைக் குறிப்பது. நாமும் இவற்றைப் புல்லுருவி என்று ஏசிவிடுகிறோம். பாவம், இது புல்லுருவி அல்ல. மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை. நிற்க இடம் மட்டும் கேட்கிறது. வேரின்மேல் பஞ்சு போன்ற ஒரு வெண்மையான உறை இருக்கிறது. மழை நீரை அது சட்டென்று பிடித்துக்கொள்ளும். பிறகு காற்றில் உலரும். நனைதல், உலர்தல் இரண்டும் அதற்கு வேண்டும்.

இங்கிலாந்தில் இதை உணரவில்லை. வெப்பநாட்டுச் செடி என்றால் வெப்பமும் ஈரமும்தானே வேண்டும் என்று எண்ணினார்கள். 1830இல் ஜான் லிண்ட்லி என்ற பெரும் அறிஞர் கடும் வெப்பம், அடர்ந்த நிழல், மிகுந்த ஈரம் ஆகியவற்றையே சிபாரிசு செய்தார். கண்ணாடி வீடுகளை இறுக மூடினார்கள். செடிகள் வெந்தும் அழுகியும் மடிந்தன.

வழி காட்டியவர்களில் முக்கியமானவர் ஒரு தோட்டக்காரர்: டெவன்ஷயர் பிரபுவிடம் வேலை பார்த்த ஜோசப் பாக்ஸ்டன். பிரபு 1835இல் ஜான் கிப்ஸனை இந்தியாவுக்கு அனுப்பினார். காசி மலைகளிலிருந்து ஏராளமான ஆர்க்கிட்டுகளுடன் அவர் 1837இல் திரும்பினார். பாக்ஸ்டன் கண்ணாடி வீட்டுக்குள் காற்றை விட்டார். அந்தந்தச் செடியின் சொந்த நாட்டுக்கு ஏற்ற வெப்பத்தை வைத்தார். செடிகள் பிழைத்தன.

ஆசை மட்டும் அடங்கவில்லை. 1850இல் ஜோசப் ஹூக்கர் அதே காசி மலைகளில் நீல வாண்டாவை ஏழு ஆள் சுமை திரட்டினார். உயிருடன் இங்கிலாந்து சேர்ந்தவை மிகச் சில. வேறொருவர் அனுப்பிய ஓர் ஆள் சுமையோ, வாடி வந்தும் 300 பவுனுக்கு விலை போயிற்று! காட்டில் இருந்த அழகுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கதையைச் சொல்லிக்கொண்டே நாங்கள் செடியைப் பிடுங்கினோம். மண்ணை அலசினோம். கறுத்துக் கொழகொழத்த வேர்களைச் சுத்தமான கத்தியால் நறுக்கினோம். கெட்டியான வேர்களைத் தொடவில்லை. பக்கமெல்லாம் துளையிட்ட சிறிய மண்தொட்டியில் அடுப்புக்கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு போட்டு, தண்டின் அடி புதையாமல் நிறுத்தி, ஒரு குச்சியோடு கட்டினோம். சாதாரணமாகப் பூ முடிந்து புது வேர் துளிர்க்கும் சமயத்தில், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தொட்டி மாற்றினால் போதும். அழுகின செடிக்கு மட்டும் நாள் பார்க்கக் கூடாது.

"நாலு நாள் தண்ணீர் காட்டாதீர்கள். அப்புறம் வேர் வெளுத்தால் காலையில் நன்றாக நனையுங்கள்; பச்சையாக இருந்தால் சும்மா இருங்கள். மரநிழலில் வடிந்து வரும் வெயில் போதும்" என்றேன்.

"சும்மா இருப்பதுதான் சார் கஷ்டம்" என்றார் நண்பர்.

வைகாசியில் கடிதம் வந்தது. இன்னும் பூக்கவில்லையாம். ஆனால் தொட்டியின் துளை வழியே ஒரு புது வேர் வெளியே எட்டிப் பார்க்கிறதாம்.