நெருப்புக் காய்ச்சலும் ஒரு பொது ஆய்வுகூடமும்

குடல்நோய்கள் மனிதனுடைய வரலாற்றோடு கூடவே வளர்ந்தவை. மக்கள் ஊராகக் கூடி, ஒரே கிணற்று நீரை உண்டு, ஒரே சந்தையிற் பொருள் வாங்கி வாழத் தொடங்கிய நாளிலேயே, ஒருவன் குடலிலுள்ள கிருமி மற்றொருவன் குடலைச் சென்றடையும் வழியும் பிறந்துவிட்டது. நெருப்புக் காய்ச்சல் எனப் பெயர் பெற்ற தைபோயிட்டு அவ்வழியாகப் பரவும் நோய்களுள் மிகக் கொடியது. இங்கிலாந்திலே பிறிஸ்ரல் நகரத்து வைத்தியராகிய வில்லியம் பட் என்பார், நோயாளியின் மலத்திலிருந்தே நஞ்சு நீரிற் கலந்து பரவுகின்றது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1873இல் நூலாக வெளியிட்டார். அக்காலத்திற் கிருமியைக் கண்டவர் எவருமிலர். 1880இல் ஏபேர்த் என்ற ஜெர்மானியர் அதனை உருப்பெருக்கியிற் கண்டார். 1884இல் காவ்கி அதனைத் தனியே வளர்த்துக் காட்டினார்.

கிருமியைக் கண்டதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. நோய் கண்டு குணமடைந்தவர்களுட் சிலர், உடல் நலத்தோடு நடமாடிக்கொண்டே தம் பித்தப்பையில் அக்கிருமியைப் பல்லாண்டுகள் தாங்கியிருப்பர். இவர்களையே நோய்காவிகள் என்பர். ஓர் ஊரில் நோய் தோன்றும்போது அங்கே ஒருவரல்லர், நால்வர் ஐவர் காவிகள் இருத்தல் கூடும். எவரிடமிருந்து நோய் புறப்பட்டது? எல்லாருடைய கிருமியும் உருப்பெருக்கியின் கீழ் ஒரே தோற்றமாயிருந்தால், குற்றமற்றவன் மீது பழி சுமத்தப்படலாம். உண்மையான ஊற்று மறைந்தே இருந்துவிடலாம். இந்த வினாவுக்கு விடை காண்பதற்கு ஒரு நகரத்து வைத்தியராலோ ஒரு மருத்துவமனையின் சிறு ஆய்வுகூடத்தாலோ இயலவில்லை. பல ஊர்களின் கிருமிகளை ஓரிடத்திற் சேர்த்து ஒப்பிட்டு நோக்கும் பொது ஆய்வுகூடம் ஒன்று வேண்டியிருந்தது. அத்தகைய கூடம் எழுந்த வரலாறு, ஒரு நகரத்தின் துன்பத்தோடு தொடங்குகின்றது.

1937ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இலண்டனுக்குத் தெற்கேயுள்ள குறொய்டன் என்னும் நகரில் நெருப்புக் காய்ச்சல் பரவியது. 341 பேர் நோயுற்றனர். அவருள் 43 பேர் இறந்தனர். நோய் கண்ட வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரைபடத்திற் குறித்துப் பார்த்தபோது, அடிங்ரன் என்ற இடத்துக் கிணற்றிலிருந்து நீர் பெற்ற பகுதிகளே பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தமை புலனாயிற்று. அந்தக் கிணற்றிலே திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை நடந்த காலத்தில் நீரை வடித்தலும் குளோரீன் இடுதலும் நிறுத்தப்பட்டிருந்தன. ஆயினும் அந்நீர் நகருக்குச் சென்றுகொண்டேயிருந்தது. கிணற்றினுள் இறங்கி வேலை செய்தவருள் ஒருவர், முதல் உலகப் போர்க் காலத்தில் நெருப்புக் காய்ச்சல் கண்டு குணமடைந்தவர். தாம் காவி என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. பின்னர் நடந்த பகிரங்க விசாரணையில், நகரசபையின் பொறியியற் பகுதிக்கும் சுகாதாரப் பகுதிக்குமிடையே போதிய தொடர்பு இல்லாதிருந்தமையும் வெளிப்பட்டது. கிணற்றில் வேலை நடப்பதை ஒரு கை அறிந்திருந்தது. மறு கை அறியவில்லை.

இதற்கு இரண்டாண்டுகளின் பின் போர் மூண்டது. குண்டு வீழ்ந்து நீர்க்குழாய்களும் கழிவுக்குழாய்களும் ஒருங்கே உடையுமாயின், குறொய்டன் போன்ற துன்பம் நாடெங்கும் நிகழுமே என்ற அச்சம் அரசினருக்கு உண்டாயிற்று. நகரங்களிலிருந்து சிறுவர்கள் கிராமங்களுக்குப் பெருந்தொகையாக அனுப்பப்பட்டமையும் அவ்வச்சத்தை மிகுவித்தது. பேராசிரியர் ரொப்பிளி என்னும் கிருமியியலறிஞர் திட்டம் வகுக்க, மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் நிர்வாகத்தில் 1939இல் அவசரகாலப் பொதுச் சுகாதார ஆய்வுகூடச் சேவை அமைந்தது. ஒக்ஸ்போட், கேம்பிறிஜ், காடிப் முதலிய நகரங்களிலே கூடங்கள் திறக்கப்பட்டன. எதிர்பார்த்த பெருங்கொள்ளை நோய் வரவில்லை. ஆனால், ஊர்தோறும் உள்ள சுகாதார அதிகாரிகள் இச்சேவையின் பயனை உணர்ந்துவிட்டனர். போர் முடிந்ததும் அதனைக் கலைத்துவிட எவரும் விரும்பவில்லை. 1946ஆம் ஆண்டில் அது நிலையான சேவையாயிற்று. இலண்டனின் வடமேற்கே கொலின்டேல் என்னுமிடத்தில் அதன் மத்திய ஆய்வுகூடம் நிலைபெற்றது.

கொலின்டேல் கூடம் செய்த பணி யாது? கிருமிகளை இனம் பிரித்து அறிவதே அதன் முதற்பணி. இதற்கு இரண்டு கருவிகள் அறிஞருக்குக் கிடைத்திருந்தன. முதலாவது, சீரத்தினாற் கிருமிகளைத் திரளச் செய்து பிரித்தறியும் முறை. இம்முறையை நுட்பமாக்கிய உறிஞ்சற் சோதனையை 1902இல் வகுத்தவர் அல்டோ கஸ்தெல்லானி என்னும் இத்தாலியர். அவரே அடுத்த ஆண்டிற் கொழும்புக்கு வந்து, இங்கிருந்த கிருமியியல் நிலையத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார் என்பது இலங்கையர் நினைவிற் கொள்ளத்தக்கது. அச்சோதனையை அடிப்படையாகக் கொண்டே, இங்கிலாந்தின் வைற் என்பவரும் கோப்பன்ஹேகனின் கவுவ்மன் என்பவரும் சல்மனெல்லாக் கிருமிகளை நூற்றுக்கணக்கான வகைகளாகப் பகுத்தனர்.

ஆனால் நெருப்புக் காய்ச்சற் கிருமிகளைத் தமக்குள்ளே வேறுபிரிக்க இம்முறை போதவில்லை. அதற்கு உதவியது இரண்டாவது கருவி. கிருமியையே தின்று அழிக்கும் அதிநுண்ணிய உயிர்ப்பொருளொன்று உண்டென்பதை 1915இல் துவோற் என்பவரும் 1917இல் தெரெல் என்பவரும் கண்டிருந்தனர். இதனைப் பற்றீரியா விழுங்கி என்பர். 1934இல் ஆதர் பீலிக்ஸ் என்னும் அறிஞர், மார்கரெற் பிற் என்னும் அம்மையாரோடு சேர்ந்து, நெருப்புக் காய்ச்சற் கிருமியின் மேற்புறத்தில் வீ.ஐ. எனப்படும் ஒரு பொருள் உண்டெனக் காட்டினார். 1938இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் கிறெய்கியும் யென்னும், இந்தப் பொருளைப் பற்றித் தாக்கும் விழுங்கி ஒன்றை எடுத்து, வெவ்வேறு நோயாளிகளின் கிருமிகளில் அதனைத் தனித்தனியே வளர்த்தனர். எந்தக் கிருமியில் வளர்ந்ததோ அந்த வகையையே பின்னர் அது விரும்பித் தாக்கியது. இவ்வாறு பழக்கப்பட்ட விழுங்கிகளைத் துளித்துளியாகக் கிருமி பரப்பிய தட்டில் இட்டால், எந்தத் துளியின் கீழே கிருமி கரைந்து தெளிவான வட்டம் தோன்றுகின்றதோ, அதைக்கொண்டு கிருமியின் வகையைச் சொல்லிவிடலாம். காவி ஒருவரிடத்திற் கிருமி எத்தனை ஆண்டுகள் தங்கினாலும் இவ்வகை பொதுவாக மாறுவதில்லை. கிருமிக்குக் கைரேகை கிடைத்தது போலாயிற்று.

பீலிக்ஸ் கொலின்டேலில் அமைந்த குடற்கிருமி ஆய்வுகூடத்தின் தலைவரானார். 1947இல் இதற்கென அனைத்துலகக் குழுவொன்றும் அமைந்தது. பழக்கப்பட்ட விழுங்கிகள் கொலின்டேலிலிருந்து பிற நாட்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பப்பட்டன. எல்லாரும் ஒரே அளவுகோலைக் கொண்டு அளந்தமையால், ஒரு நாட்டிற் கண்ட வகையை இன்னொரு நாட்டார் ஐயமின்றி ஒப்பிட முடிந்தது.

இச்சேவை எவ்வாறு பயன்பட்டது என்பதைச் சில நிகழ்ச்சிகள் காட்டும். 1946ஆம் ஆண்டுக் கோடையில், வேல்ஸ் நாட்டின் கடற்கரை நகரமாகிய அபெறிஸ்துவித்தில் 200க்கு மேற்பட்டோர் நெருப்புக் காய்ச்சலால் வருந்தினர். விடுமுறைக்கு வந்து தத்தம் ஊர்களுக்குத் திரும்பியவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் உண்ட ஐஸ்கிறீமைச் செய்தவரே, முன்னர் அந்நோய் கண்டு குணமடைந்த காவி என்பது தெரியவந்தது. நோயாளிகளின் கிருமியும் அவருடைய கிருமியும் ஒரே வகையின. மறு ஆண்டிலேயே, ஐஸ்கிறீம்க் கலவையைச் சூடேற்றிக் கிருமி நீக்குதல் வேண்டும் என்ற விதி நாட்டிற் பிறந்தது.

கிருமியைத் தேடும் வழிகளும் புதியனவாயின. எக்சிற்றர் நகரத்து ஆய்வுகூடத்தின் பிறென்டன் மூர் என்பார், சல்லாத்துணியை மடித்துக் கயிற்றிற் கட்டிக் கழிவுநீர்க் குழாயினுள் தொங்கவிட்டார். சில நாட்கள் கழித்து அதை எடுத்துச் சோதித்தால், மேலிருந்து வரும் நீரிற் கிருமி உண்டா இல்லையா என்பது தெரியும். ஒரு சந்தியிற் கிருமி காணப்பட்டால், அதற்கு மேலுள்ள கிளைகளிலே துணி தொங்கவிடப்படும். இவ்வாறு தெருவிலிருந்து தெருவாக நகர்ந்து, ஈற்றில் ஒரு வீட்டின் வாயிலை அடையலாம். இம்முறையை அவர் 1948இல் வெளியிட்டார். ஊரையே வரிசையில் நிறுத்திச் சோதிக்க வேண்டிய தேவை இதனால் ஒழிந்தது.

1963இல் சுவிற்சர்லாந்தின் செர்மற் என்ற மலை நகரிற் குடிநீர் வழியாக நோய் பரவி, 400க்கு மேற்பட்டோரைப் பற்றியது. பனிவிளையாட்டுக்கு வந்திருந்த அவர்கள் பல நாடுகளுக்குச் சிதறிச் சென்றபின் நோயிற் படுத்தனர். எல்லா நாடுகளும் ஒரே முறையைக் கையாண்டமையால், அவர்கள் யாவரிடமும் இருந்தது ஒரே வகைக் கிருமி என்பது விரைவில் தெளிவாயிற்று.

அடுத்த ஆண்டு, 1964 மே மாதத்தில், ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரிலே நோய் வெடித்தது. 500க்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர். அவர்களிடம் காணப்பட்டது 34ஆம் வகை. பிரித்தானியாவில் அரிது, தென்னமெரிக்காவில் மிகுதி. இந்த ஒரு குறிப்பே வழிகாட்டியாயிற்று. ஆர்ஜென்ரீனாவிலிருந்து வந்த, தகரப்பேணியில் அடைத்த மாட்டிறைச்சியே காரணமெனக் கொள்ளப்பட்டது. பேணிகளை அடைத்த ஆலையிற் சூடேற்றிய பேணியைக் குளிரச் செய்தற்குக் குளோரீன் இடாத ஆற்றுநீர் பயன்பட்டது. நுண்ணிய துவாரமொன்றின் வழியே அந்நீர் உட்புகுந்திருத்தல் வேண்டும். கடையில் அந்த இறைச்சியை வெட்டிய பொறியே பிற இறைச்சிகளுக்கும் கிருமியைப் பரப்பியது.

இங்கே ஒரு கசப்பான உண்மை உண்டு. முந்திய ஆண்டிலேயே ஹாலோ, சவுத் ஷீல்ட்ஸ், பெட்போட் ஆகிய மூன்று நகரங்களில் இதே 34ஆம் வகை தோன்றியிருந்தது. அப்போதே பேணியிறைச்சி மீது ஐயம் விழுந்திருந்தது. ஆயினும் ஐயத்துக்குரிய பழைய இருப்புகள் முழுவதும் விற்பனையிலிருந்து நீக்கப்படவில்லை. ஆய்வுகூடம் அறிந்து சொல்லும். அதனைக் கேட்டு நடத்தல் ஆட்சியாளர் கடமை. குறொய்டனில் அறிவு இல்லாமையால் நேர்ந்த துன்பம், அபடீனில் அறிவு இருந்தும் நேர்ந்தது.

பீலிக்சுக்குப்பின் 1954இல் தலைமையேற்ற அண்டர்சன் என்பார் மற்றோர் எச்சரிக்கையையும் விடுத்தார். 1948 முதல் குளோரம்பெனிகோல் என்னும் மருந்து நெருப்புக் காய்ச்சலின் கொடுமையைப் பெரிதும் தணித்திருந்தது. ஆனால் 1960களின் நடுப்பகுதியில், கன்றுகளிடமிருந்து வந்த ஒரு சல்மனெல்லா வகை பல மருந்துகளுக்கும் அசையாதிருப்பதை அவர் கண்டார். அந்த எதிர்ப்பாற்றலை ஒரு கிருமி மற்றொன்றுக்கு வழங்கவும் வல்லது. கால்நடைகளுக்கு மருந்தை வரையறையின்றிக் கொடுத்தல், ஒருநாள் மனிதனுடைய மருந்தையே பயனற்றதாக்கும் என அவர் வற்புறுத்தினார். 1969இல் சுவான் குழுவின் அறிக்கை கால்நடைத் தீவனத்தில் மருந்து கலப்பதைக் கட்டுப்படுத்துமாறு கூறியது. 1972இல் மெக்சிக்கோவிலும் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் குளோரம்பெனிகோலுக்கு அடங்காத நெருப்புக் காய்ச்சல் பரவியபோது, அத்தகைய எதிர்ப்பாற்றல் நெருப்புக் காய்ச்சற் கிருமிக்கும் கைவரும் என்பது மெய்யாயிற்று.

விழுங்கி முறைக்கும் எல்லை உண்டு. வகை வேறுபட்டால் தொடர்பில்லை எனத் துணிந்து கூறலாம். ஆனால் எங்கும் பரவியுள்ள ஒரு வகை ஒத்திருப்பது மட்டும் முழுச்சான்று ஆகாது. ஆகவே வீடு வீடாகச் சென்று வினவும் சுகாதார அதிகாரியின் உழைப்பு என்றும் தேவைப்பட்டது. 2003இல் அச்சேவை வேறு அமைப்பினுள் அடக்கப்பட்டது. 2014இலிருந்து கொலின்டேலிற் சல்மனெல்லாக் கிருமிகளின் மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசிக்கும் முறை வழக்கமாயிற்று. விழுங்கித் துளிகளின் இடத்தைப் பொறிகள் பெற்றன.

கருவி மாறினும் கருத்து மாறவில்லை. ஒரு ஊரின் கிருமியைத் தனியே பார்த்தால் அது ஒரு நோய். பல ஊர்களின் கிருமிகளை ஒருங்கே பார்த்தால் அது ஒரு வழித்தடம். அபெறிஸ்துவித்தின் ஐஸ்கிறீமும் செர்மற்றின் குடிநீரும் அபடீனின் இறைச்சியும் அவ்வழித்தடத்தாலேயே அகப்பட்டன. அறிவைப் பொதுவுடைமையாக வைத்திருந்த கூடம் ஒன்று இருந்தமையால், இன்னும் எத்தனையோ வீடுகளில் ஒப்பாரி எழாது போயிற்று. குறொய்டனின் அந்த 43 பேருக்கும் அது காலந்தாழ்ந்தே வந்தது.